சம்பந்தியைத் திட்ட ஒரு மைக் செட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம்.

சாகக் கிடந்த ஒரு மனிதரின் வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அந்த மனிதரையே திட்டிப் பாட ஆள் கூட்டி வந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். குன்னம் பக்கம் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் சொல்லாமல் விடமாட்டார்கள். அவர்கள் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி உண்மை, அதுதான் இன்னும் மோசம். அந்த நர்ஸ் நான்தான்.

இருபத்தாறு வயதில் ஓய்வு பெறுகிறேன். மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஸ்கூட்டி சாவியை உங்களிடம் கொடுப்பதற்கு முன் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் டாக்டரம்மா. புண் கட்டுவது, மருந்து அளப்பது எல்லாம் அவரே சொல்லித் தந்துவிடுவார். நான் சொதப்பியதைச் சொல்ல நான்தான் வேண்டும்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் "இனிமே வூட்லயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று திருப்பி அனுப்பியவர்களை நாம் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம். கேட்க எளிதாக இருக்கும். கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என் போன்றவர்களுக்கு இது பெரிய தண்டனை. நான் எதையாவது படிப்பேன், மறுநாளே யார் தலையிலாவது அதைச் செய்து பார்ப்பேன்.

அப்படித்தான் செல்லமுத்து ஐயா வீட்டுக்கு டேப் ரெக்கார்டரோடு போனேன். கடைசிக் காலத்தில் மெல்லிய இசை கேட்டால் மனம் அமைதி அடையும் என்று ஒரு கட்டுரையில் படித்திருந்தேன். குன்னத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். வெங்காயமும் பருத்தியும் போடுகிற விவசாயி. வயிற்றில் கட்டி. எலும்பும் குரலும் மட்டும் மிச்சம் இருந்த ஆள். கட்டில் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து, புல்லாங்குழல் கேசட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடினார். ஆஹா, கட்டுரை வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.

"ஏம்மா நர்சு."

"சொல்லுங்க ஐயா."

"இந்தாளுக்கு என்ன வியாதி?"

"எந்த ஆளுக்குங்க?"

"ஊதுறாரே, அவருக்கு. இம்மாம் நேரமா இழுத்துக்கிட்டே கெடக்காரு. எனக்கு முன்னாடி போயிருவாரு போலருக்கே."

அவர் மனைவி அஞ்சலையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டார். நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

"பாட்டுன்னா ஆளச் சீண்டணும்மா. குன்னத்துல மாவு மில்லு வெச்சிருக்காளே, அவளக் கூட்டியா. நான் கூப்புட்டேன்னு சொல்லு."

மில்லக்காவை நான் சந்தித்தது இப்படித்தான். அவர் நிஜப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. அப்போது நாற்பது வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர். கணவர் லாரி ஓட்டப் போய்விடுவதால், மில் அவர் பொறுப்பு. பெல்ட் ஓடும் சத்தத்துக்கு ஏற்பப் பாட்டுக் கட்டுவார். மிளகாய்க்கு ஒரு தாளம், கம்புக்கு ஒரு தாளம். கட்டிய பாட்டைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி இடுப்பில் செருகிக்கொள்வார். காதுகுத்து, வளைகாப்பு, தேர்தல், எதுவானாலும் சுற்று வட்டாரத்தில் அவர் பாட்டுத்தான். ஒரு தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேருக்கும் ஒரே மெட்டில் எழுதிக் கொடுத்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் ஒரே பொய்யத்தான புள்ள சொல்றாங்க, ரெண்டு மெட்டு எதுக்கு?" என்றார்.

செல்லமுத்து பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அந்தாளு என்னைய வரச் சொன்னாரா?"

"ஆமாங்கக்கா."

"பொழச்சுக்குவாராமா?"

"இல்லக்கா."

"அப்ப வரேன். பொழச்சுக்குவாருன்னா வந்திருக்க மாட்டேன்."

புதன்கிழமை வந்தார். செல்லமுத்து ஐயா தலையணையில் சாய்ந்துகொண்டு, "தொண்ணூத்தஞ்சுல எம்பொண்ணு கல்யாணத்துல பாடுனியே, அதப் பாடு" என்றார்.

"ஏசல் பாடுறத வுட்டுட்டேன்."

"சாவப் போறவன் கேக்குறேன்."

"இதச் சொல்லியே எத்தன பேர வேல வாங்குனீங்க?"

"நீ நாலாவது ஆளு."

ஏசல் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நலங்கு வைக்கும்போது பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்கள். மூக்கு, நடை, சாப்பிடும் அளவு, எதுவும் தப்பாது. அவர்கள் முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குப் பாட வேண்டும். பதில் பாடி முடித்த பிறகுதான் வெற்றிலைத் தட்டு மாறும். ஒரு பக்கம் மட்டும் பாடினால் அது திட்டு. இரண்டு பக்கமும் பாடினால் உறவு.

மில்லக்கா பாடினார். மில் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய குரல். ஓட்டு வீடு அதிர்ந்தது.

போரு போட்டார் போரு போட்டார் சம்பந்தி
பொட்டக் காட்டத் தொளச்சுப் போட்டார் சம்பந்தி
தண்ணி வரும்னு வாளி வெச்சார் சம்பந்தி
தலை நெறையப் புழுதி வந்துது சம்பந்தி

செல்லமுத்து ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

வாசலில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டே அஞ்சலையம்மா சொன்னார். மகள் தனம் செந்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளையின் அப்பா போர் போட்டதும், தண்ணீருக்குப் பதில் புழுதி வந்ததும் வெளியே தெரியாத சங்கதி. அதை எங்கேயோ கேட்டு வந்து பாட்டில் வைக்கச் சொன்னவர் செல்லமுத்து ஐயாதான். கல்யாணப் பந்தலிலேயே சண்டை. அன்றைக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவர்கள்தான், பதினோரு வருடமாகப் போக்குவரத்து இல்லை. பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். தாத்தா முகமே தெரியாது.

"எல்லாம் அந்தப் பாட்டால வந்தது" என்றார் அஞ்சலையம்மா.

மில்லக்கா பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். ஏசலை ஏன் விட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "ஏம்மா நர்சு, நான் செத்தா தனத்துக்கு ஆள் வுட்டுச் சொல்லுவாங்கள்ல?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "சொல்லுவாங்கய்யா" என்றிருக்கலாம். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"செத்தப்புறம் எதுக்குய்யா? ஞாயித்துக்கெழம உங்க பொண்ணு இங்க இருக்கும். நான் கூட்டியாரேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. தனத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

வியாழக்கிழமை செந்துறைக்கு ஸ்கூட்டியை விட்டேன். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டம். பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், இந்த 2007-ல் மறுபடியும் பிரிகிறார்கள். எங்கள் மாவட்டமே இரண்டு சம்பந்திகள் மாதிரிதான்.

தனத்தின் மாமனார் கலியபெருமாளும் மாமியார் பச்சையம்மாளும் வீட்டில் இருந்தார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உரையை ஆற்றினேன். மன்னிப்பு எப்படி மனித மனத்தை லேசாக்குகிறது என்று எனக்கே கண் கலங்கும்படி பேசினேன். ஒரு கேலிப் பாட்டுக்காகப் பதினோரு வருடமா என்று முடித்தேன்.

கலியபெருமாள் தலையைச் சொறிந்தார். "போர்ல புழுதி வந்தது நெசந்தானம்மா. அந்தப் பாட்ட நானே வண்டி ஓட்டிக்கிட்டுப் போறப்ப பாடுவேன். மெட்டு அம்சமா இருக்கும்."

பச்சையம்மாள் பார்த்த பார்வையில் அவர் பாதி உயரம் ஆகிவிட்டார்.

"பாட்டுக்கு எவ கோச்சுக்கிட்டா?" என்றார் அந்த அம்மா. "அது ஏசலு, அப்புடித்தான் இருக்கும். பதில் பாட நான் மைக்கப் புடிச்சேன். ரெண்டு வரி. ரெண்டே வரி. அந்த மனுசன் எந்திரிச்சுப் போயி ஒயரப் புடுங்கிட்டாரு. சினிமாப் பாட்டப் போடச் சொல்லிட்டாரு. அத்தன சனத்துக்கு முன்னாடி நான் வாயத் தொறந்தபடி நிக்கிறேன், மைக்குல என் சத்தத்தக் காணும். உன்னைய அப்புடி நிக்க வெச்சிருந்தா தெரியும்."

"அவங்க சார்பா நான் மன்னிப்பு..."

"நீ யாரு அவருக்கு? வெயில்ல வந்திருக்க, மோரு குடிச்சிட்டுக் கெளம்பு."

குடித்தேன். நல்ல மோர். அவமானத்திலும் ருசி தெரிந்தது.

ஸ்கூட்டி வரைக்கும் தனம் வந்தாள். "அப்பா எப்புடி இருக்காரு?" என்று கேட்டாள். சொன்னேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைய யாரும் போவாதன்னு சொல்லலங்க. அத்தை இந்தப் பதினோரு வருசத்துல அந்த விசயத்த வெச்சு என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. அவங்கள வுட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறுனா, அப்பா அன்னிக்கு செஞ்சது சரின்னு ஆயிடும். அத்தையும் வரணும். அப்பாவ ஒரு வார்த்த கூப்புடச் சொல்லுங்க, போதும்."

அப்பா கூப்பிட மாட்டார். அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

வெள்ளிக்கிழமை காலை செல்லமுத்து ஐயா வீட்டுக்குப் போனால், மனிதர் வேர்வையில் குளித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் நான் கொடுத்த வலி மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"வலிக்கலையாய்யா?"

"வலிக்குது."

"பின்ன ஏன் சாப்புடல?"

"அதத் தின்னா தூக்கமா வருது. எம்பொண்ணு வர்றப்ப நான் தூங்கிக்கிட்டுக் கெடந்தா? நீதான ஞாயித்துக்கெழமன்ன?"

வலியைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவள், என் வாயாலேயே ஒரு மனிதரை இரண்டு நாள் வலியில் போட்டிருக்கிறேன். பூத்திலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நீ இதுவரைக்கும் குடுத்த மருந்துலயே இதுக்குத்தான் டோஸ் ஜாஸ்தி" என்றார். "போய் உண்மையச் சொல்லு. சொல்லிட்டு மாத்திரையக் குடு."

சொன்னேன். "நான் சொன்னது தப்புங்கய்யா. அவங்க வரேன்னு சொல்லல. நானா சொல்லிட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "தெரியும். நீ சொல்றப்பவே உன் மூஞ்சில தெரிஞ்சுது."

"அப்ப மாத்திர சாப்புடுங்க."

"ஞாயித்துக்கெழம தாண்டட்டும்."

உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது பயிற்சியில் சொன்னால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அரை மாத்திரையாவது போடுங்கள் என்று கெஞ்சிப் போட வைத்துவிட்டு நேராக மில்லுக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. அழுவதற்கு அந்தச் சத்தம் வசதியாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"அக்கா, அவங்க கோவம் பாட்டு மேல இல்லியாம். மைக்கப் புடுங்குனதுலதானாம்" என்று கத்தினேன்.

மில்லக்கா மோட்டாரை நிறுத்தினார். வரிசையில் பையோடு நின்றவர்கள், "என்னக்கா, கரண்டு போச்சா?" என்றார்கள்.

"பாட்டு இல்லியா?"

"பாட்டு இல்லக்கா. கலியபெருமாளு வண்டி ஓட்டிக்கிட்டே உங்க பாட்டத்தான் பாடுறாராம்."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணீரும் மாவும் கன்னத்தில் கூழாகின. "பதினோரு வருசமா எம்பாட்டால ஒரு பொண்ணு பொறந்த வூடு பாக்காமக் கெடக்குதுன்னு நெனச்சேன் புள்ள. ஏசலே வேணாம்னு வுட்டேன். ஒயரா?" பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு ஒயரு!"

எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மருந்து கொடுக்காதே என்று முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் வலித்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கட்டுப் போட்டிருந்தோம். நான் ஒரு நாள், அவர் பதினோரு வருடம்.

சனிக்கிழமை மில்லுக்குப் பூட்டு. அக்காவை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு செந்துறைக்குப் போனேன். பச்சையம்மாள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அக்கா, அன்னிக்கு நீங்க எடுத்த ரெண்டு வரி எனக்கு ஞாபகம் இருக்கு. பாதியில நிக்குது. மிச்சத்தக் கட்டித் தரட்டுமா?" என்றார் மில்லக்கா.

"நீ அவங்க வூட்டு ஆளாச்சே."

"பாட்டுக் கட்டுறவ எவ வூட்டு ஆளுங்கக்கா? எலெக்சன் நேரத்துல வந்து பாருங்க."

கலியபெருமாள் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். பச்சையம்மாள் ஒரு நிமிடம் யோசித்தார். "கல்யாணப் பந்தியில அப்பளத்த ஒடச்சு ஒடச்சு வெச்சாங்க. அத எழுதிக்க."

எழுதினார். அப்புறம் வெள்ளம்தான். கலியபெருமாள் பாயசத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அடுப்படியிலிருந்து தனமே தன் அப்பாவின் குறட்டையைப் பற்றி ஒரு வரி கொடுத்தாள். கடைசிக் கண்ணியை மில்லக்கா தானாகவே கட்டி வாசித்துக் காட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, இத எடுத்துருங்க. அவரு சாகக் கெடக்காரு."

பச்சையம்மாளுக்கும் மனசு வரவில்லை. "படுத்துக் கெடக்குற மனுசன இப்புடிப் பாடலாமா?"

"ஏசல்ல ஒருத்தரப் பாத்து எரக்கப்பட்டா, அவரு ஆட்டத்துலயே இல்லன்னு அர்த்தம்" என்றார் மில்லக்கா. "அவரு இன்னும் இருக்காருக்கா. இருக்குற ஆளப் பாடுறோம்."

நான் உட்கார்ந்தேன். படித்த கட்டுரைகளில் இது இல்லை.

பச்சையம்மாள் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மைக் செட்டு வேணும். குழாயோட. அன்னிக்கு எத்தன ஊருக்குக் கேட்டுச்சோ, அத்தன ஊருக்கும் கேக்கணும்."

டாக்டரம்மாவிடம் கேட்டேன். நோயாளி இருக்கும் வீட்டில் சத்தம் கூடாது என்று எங்களுக்கு விதியே இருந்தது. "அவரு கட்டிலு, அவரு காது. அவரக் கேளு" என்றார். மாலையே செல்லமுத்து ஐயாவிடம் போனேன். இந்த முறை எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

"ஐயா, உங்க வாசல்ல நின்னு மைக் செட்டு வெச்சு உங்களத் திட்டிப் பாடுறதுக்கு சம்பந்தி வீட்டுல கேக்குறாங்க. வேணாம்னா சொல்லுங்க, வேணாம்."

கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எத்தன பேரு?"

"பதினஞ்சு இருபது பேரு வருவாங்க."

"அஞ்சல" என்று குரல் கொடுத்தார். "நாளைக்கு அரிசி கூடப் போடு."

ஞாயிறு காலை மைக் செட்காரர் வந்தார். அன்றைக்குக் கல்யாணத்துக்குக் கட்டியவரும் அவரேதான். "சாவுக்கா, சடங்குக்கா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், "அப்ப நான் என்ன பாட்டப் போட?" என்று குழம்பிப் போய், வேப்ப மரத்தில் குழாயைக் கட்டி, "ஹலோ ஹலோ" என்றார். அங்கேதான் அடுத்த கூத்து. செல்லமுத்து ஐயா இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் குழாய் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? கால் மணி நேரத்தில் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. ஒருவர் ரோஜா மாலையோடு வேகமாக உள்ளே வந்து, கட்டிலில் அவர் முழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு அது அங்க ஒப்பாரி வெக்கிறது?" என்றார் செல்லமுத்து ஐயா. "சுருதியே சேரல. வூட்டுல போயி பழகிட்டு வரச் சொல்லு."

மாலைக்காரர் மெல்லத் திரும்பினார்.

"யோவ், மாலைய எங்க தூக்கிட்டுப் போற? மாட்டுக் கொட்டாயில மாட்டு. வாடறதுக்குள்ள எனக்கு ஆவுதா பாப்போம்."

பதினோரு மணிக்கு மினி லாரி வந்து நின்றது. தனம் இறங்கி ஓடி வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தன. அவர் கை அவள் தலையைத் தேடிப் போய் அங்கேயே நின்றது.

பச்சையம்மாள் உள்ளே வரவில்லை. நலம் விசாரிக்கவில்லை. நேராக மைக்கிடம் போய், அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னைத் தூக்கி வாசல்ல போடுங்க" என்றார் செல்லமுத்து ஐயா. கட்டிலோடு நாலு பேர் தூக்கினோம்.

தண்ணி இல்லா ஊருதாங்க எங்க ஊரு
தாகமுன்னு வந்தவங்களுக்கு உண்டு மோரு

பச்சையம்மாள் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார். அன்றைக்கு அறுந்த இடம் அது. குழாயில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒயரை யாரும் பிடுங்கவில்லை. அடுத்த வரியை எடுத்தார்.

வெங்காயம் வெளையுதாமே உங்க ஊரு
ஒடஞ்ச அப்பளம் வெச்சது யாரு யாரு

அப்பளம் வந்ததும் செல்லமுத்து ஐயா "அது சமையக்காரன்" என்று முனகினார். யாரும் கேட்கவில்லை. பாயசம் வந்தது, குறட்டை வந்தது. லாரியில் வந்த பெண்கள் கும்மி தட்டத் தொடங்கிவிட்டார்கள். மாலை கொண்டுவந்தவரும் தட்டினார். பிறகு அந்தக் கடைசிக் கண்ணி. நான் கையில் மருந்துப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மைக்குச் செட்ட நிறுத்திப்புட்டார் சம்பந்தி
மல்லாக்கத்தான் படுத்துக்கிட்டார் சம்பந்தி
எந்திரிச்சு ஒயரப் புடுங்க முடியுமா
எங்க பாட்டக் கேக்காமத்தான் முடியுமா

பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். வலியோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். தனமும் சிரித்தாள். பச்சையம்மாள் பாடிய வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்கக் கொண்டா" என்றார் அவர்.

மைக் செட்காரர் வெளிறிப்போனார். மைக்கை என்னிடம் நீட்டிவிட்டு, ஒயரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செல்லமுத்து ஐயா வாயருகே மைக்கைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று என் மண்டைக்குள் இருந்த கட்டுரை சொன்னது.

"இதுக்குப் பதில் பாட்டு நாளைக்கு" என்றது குழாய், எட்டு ஊருக்கும் கேட்கும்படி. "அதுவரைக்கும் சம்பந்தி வூட்டு ஆளுங்க ஒருத்தரும் ஊருக்குப் போவக் கூடாது."

பதினோரு வருடமாக அவர் வாயிலிருந்து வராத அழைப்பு அது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பச்சையம்மாள் புடவையை உதறிச் செருகிக்கொண்டு, "சம்பந்தியம்மா, அடுப்படி எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி உள்ளே போனார்.

செல்லமுத்து ஐயா என் பக்கம் திரும்பினார். "நர்சு, அந்த மாத்திரையக் குடு. முழுசா குடு. இனிமே நான் தூங்குனா எழுப்புறதுக்கு ஆளு இருக்கு."

அடுத்த ஒன்பது நாளும் ஏசல்தான். சிலர் ஊருக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பச்சையம்மாளும் தனமும் நகரவே இல்லை. மில்லக்கா காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் மறு கட்சிக்கும் கட்டிக் கொடுத்தார். செல்லமுத்து ஐயா வரி சொல்வார், அஞ்சலையம்மா பாடுவார். ஐயா மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினார். தூங்கினார். எழுந்ததும் முதல் கேள்வி, "அவங்க என்ன பாடுனாங்க?" நான் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய், அவர் தூங்கும்போது அவர்கள் பாடுவதைப் பதிந்து வைத்துப் போட்டுக் காட்டினேன். புல்லாங்குழல் கேசட்டின் மேலேயே பதிந்தேன்.

பத்தாம் நாள் காலை பத்து மணி வாக்கில், பேத்தி ஊட்டிய கஞ்சி பாதியில் இருக்கும்போது, போய்விட்டார். வலி இல்லை. அதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

மாட்டுக் கொட்டகையில் மாலை சருகாகிக் கிடந்தது. அஞ்சலையம்மா வேறு மாலை எதையும் தொடவிடவில்லை. அதைத்தான் முதலில் போட்டார். "இத ஜெயிச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்றார்.

மைக் செட்காரர் இந்த முறை கேள்வி கேட்காமலே குழாயைக் கட்டினார். பச்சையம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தார். முந்தைய நாள் சம்பந்தி வீட்டார் பாடி முடித்திருந்தார்கள். அன்றைக்குச் செல்லமுத்து ஐயா முறை. அதே மெட்டை, பாதி வேகத்தில், யாரும் எழுதிக் கொடுக்காமல் அந்த அம்மாவே எடுத்தார்.

பதிலு சொல்லும் மொற உனக்கு சம்பந்தி
படுத்துக்கிட்டா யாரு சொல்வா சம்பந்தி
மைக்குச் செட்டு காத்திருக்கு சம்பந்தி, வந்து
மறுபடியும் ஒயரப் புடுங்கு சம்பந்தி

மில்லக்கா வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு இடுப்பிலிருந்த காலண்டர் தாளை எடுத்தார், அன்றைக்கு ஐயா தரப்பில் பாட வேண்டிய பதில் அது, பிரித்தார், மடித்தார், திரும்பச் செருகிக்கொண்டார். மைக் செட்காரர் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சாவி மேசை இழுப்பறையில் இருக்கிறது. டேப் ரெக்கார்டரும் அங்கேதான். உள்ளே ஒரு கேசட் இருக்கும், மேலே புல்லாங்குழல் என்று எழுதியிருக்கும். அமைதி தேடுகிற நோயாளி யாருக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள்.